பீப்பு வரும்வரை யாரும் பேசக்கூடாது

திருவண்ணாமலையில் மௌனம் தேடி வருகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. கடல் தாண்டி வருகிறார்கள், செங்கம் ரோட்டில் ரூம் எடுக்கிறார்கள், மாசக்கணக்கில் வாயைத் திறக்காமல் மலையைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார்கள். நல்லது. ஆனால் அவர்கள் எல்லாம் தங்கள் வாயைத்தான் மூடினார்கள். அடுத்தவர் வாயை மூட வைத்த ஆள், எனக்குத் தெரிந்து அந்த ஊரில் ஒரே ஒருத்தர்தான். அதுவும் எங்கே? வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸ் எதிரில், திங்கட்கிழமை காலையில், மனு டைப் அடிக்க வந்த நாற்பது பேர் நெருக்கியடித்து நிற்கிற கடையில். அவர் கையைத் தூக்கினால் கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தும். நம்பாவிட்டால் போங்கள், நான் பார்த்தவள்.

அவரை எல்லாரும் ‘ஒத்த பீப்பு’ என்றுதான் சொல்வார்கள். தாய் தகப்பன் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதைக் கேட்டுவைத்துக்கொள்ளும் மரியாதை எங்கள் யாருக்கும் இல்லை.

தொண்ணூற்றாறிலிருந்து ஐந்து வருஷம் அந்தக் கடையில் நான்தான் ஆபரேட்டர். மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், என் வாய், இவ்வளவுதான் கடை. என் வாயைப் பற்றி என் மாமியாரைக் கேட்டால் தனியாக ஒரு தொடர் எழுதித் தருவார். ரோட்டுப் புழுதியில் மூன்று கம்ப்யூட்டரில் ஒன்றாவது எப்போதும் சீக்கில் கிடக்கும். ஆள் அனுப்பினால் ஒத்த பீப்பு மொபெட்டில் வந்து இறங்குவார். தோளில் கண்டக்டர் பை. டிக்கெட் இருந்த அறையில் ஸ்க்ரூடிரைவர், சில்லறை இருந்த அறைகளில் அளவு வாரியாக ஸ்க்ரூ. பதினெட்டு வருஷம் வேலூர் ரூட்டில் பிரைவேட் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். ஏன் விட்டார் என்று கேட்டால் பையைத் திறந்து எதையாவது தேட ஆரம்பித்துவிடுவார்.

வந்ததும் ரிப்பேரா, என்ன கோளாறு என்றெல்லாம் விசாரிக்க மாட்டார். மெஷின் முன்னால் நிற்பார். வலது கையை மேலே தூக்குவார்.

“யாரும் பேசக்கூடாது. பீப்பு வரட்டும்.”

அப்புறம்தான் இடது கையால் பட்டனை அமுக்குவார். ஃபேன் சுற்றும், லைட் மினுக்கும். கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கும். டெபுடி தாசில்தார் ஒருத்தர் ஒருமுறை நடுவில் தும்மிவிட்டார். மெஷினை நிறுத்தி, அவர் மூக்கைத் துடைத்து முடிக்கிறவரை காத்திருந்து, முதலிலிருந்து ஆரம்பித்தார் இவர்.

கம்ப்யூட்டரைப் பற்றி அவருக்கு ஒரு தீர்மானமான கட்சி உண்டு. பட்டனை அமுக்கினதும் விண்டோஸ் வந்துவிடுகிறது என்று நினைக்கிறவன் முட்டாள் என்பார். அதற்கு முன்னால் ஒருத்தன் எழுந்திருக்கிறான். மதர்போர்டில் நகக்கண் அளவு ஒரு சில்லு, அதற்குள் எழுதிவைத்த ஒரு சின்ன புரோகிராம், பெயர் பயாஸ். கரண்ட் உள்ளே வந்ததும் முதலில் கண் விழிப்பது அதுதான். பிராசஸர் இருக்கிறதா, மெமரி எவ்வளவு, டிஸ்ப்ளே கார்டு சரியா, கீபோர்டு செருகியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, எல்லாம் சரியென்றால் ஒரே ஒரு பீப்பு கொடுக்கும். கொடுத்துவிட்டு, எந்த டிஸ்கில் விண்டோஸ் படுத்திருக்கிறது என்று தேடிப்பிடித்து எழுப்பி, வேலையை அதன் கையில் ஒப்படைக்கும். மெமரி சரியாக உட்காரவில்லை என்றால் நீளநீளமாகக் கத்தும். டிஸ்ப்ளே கார்டு கோளாறு என்றால் நீளமாக ஒன்று, குட்டியாக மூன்று. திரை கருப்பாகக் கிடக்கும்போது அந்தப் பெட்டிக்கு இருக்கிற ஒரே வாய் அந்தப் பீப்புதான் என்பார்.

“டிரைவர் ஏர்றதுக்கு முன்ன வண்டியச் சுத்தி வந்து, டயரத் தட்டிப் பாத்து, படியில தொங்கறவன உள்ள தள்ளி, ரைட் குடுக்கறது யாரும்மா? கண்டக்டரு. ஆனா ஊர்ல எல்லாரும் டிரைவருக்குத்தான் டீ வாங்கித் தர்றான். விண்டோஸ் டிரைவரு. பயாஸ் கண்டக்டரு.”

சொல்லும்போது குரலில் பதினெட்டு வருஷ வயிற்றெரிச்சல் தெரியும். பஸ்ஸில் ஒத்தை விசில் என்றால் நிறுத்து, ரெட்டை விசில் என்றால் போ. இங்கே தலைகீழ். தொழிலுக்கு வந்த புதிதில் ஆறு மாசம், ஒத்தை பீப்பு கேட்டதும் கை தானாகப் போய் மெஷினை நிறுத்திவிடுமாம்.

மெமரிதான் வியாதி என்றால் அவர் வைத்தியம் பென்சில் ரப்பர். கார்டைக் கழற்றி, அதன் பித்தளை நிறப் பல்வரிசையை ரப்பரால் பதமாகத் தேய்த்து, ஊதி, திரும்பச் செருகுவார். கருப்பாகக் கிடந்த பெட்டி உயிரோடு எழுந்திருக்கும். இதைப் பார்த்துக்கொண்டே இருந்த கலசப்பாக்கம் பக்கத்து விவசாயி ஒருத்தர், மடியிலிருந்து பட்டாவை எடுத்து நீட்டி, அதே ரப்பரால் பங்காளி பெயரையும் கொஞ்சம் அழித்துக் கொடுக்கச் சொன்னார். ஒத்த பீப்பு சிரிக்கவில்லை. அந்த ரப்பர் வேறு, இந்த ரப்பர் வேறு என்று பொறுமையாக விளக்கினார்.

செங்கம் ரோட்டில் அப்போது ஒரு பிரவுசிங் சென்டர் வந்திருந்தது. அங்கே ஒரு மெஷின் படுத்துக்கொள்ள, இவரைக் கூப்பிட்டார்கள். ஈமெயில் பார்க்க வந்த வெள்ளைக்காரர்கள் ஐந்து பேர் காத்திருந்தார்கள். இவர் கையைத் தூக்கி, “சைலன்ஸ் ப்ளீஸ்” என்றார். அவர்கள் அதற்காகத்தானே ஃப்ளைட் பிடித்து வந்தவர்கள், உடனே சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்கள். பீப்பு வந்தது, விண்டோஸ் வந்தது, யாரும் கண்ணைத் திறக்கவில்லை. தவத்தைக் கலைத்தால் பாவம் என்று இவரும் கால் மணி நேரம் தூக்கிய கையோடு நின்றிருக்கிறார். மறுவாரம் ஒரு ஜெர்மன் அம்மா என் கடைக்கே தேடி வந்து, அவர் காலடியில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்துவிட்டுப் போனார். கோளாறு எதுவும் இல்லாமலேயே தட்சிணை வருகிறதே என்று அவருக்கு ஒரே கவலை.

இத்தனை சொன்னவள் ஒன்றை மறைத்துவிட்டேன். அந்தப் பட்டப்பெயரை வைத்தது நான்தான். திங்கட்கிழமை கூட்டத்தைச் சிரிக்க வைக்க, அவர் முதுகுக்குப் பின்னால் நானும் கையைத் தூக்கி, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, ‘பீப்பு வரட்டும்’ என்பேன். கடையே குலுங்கும். அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். பெரிய மனசு, கண்டுகொள்வதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

தொண்ணூற்றெட்டு மழைக்காலத்தில் ஒருநாள் என் மெஷின் கருப்பாகிவிட்டது. அவர் வந்தார், கையைத் தூக்கினார், பட்டனை அமுக்கினார். பெட்டி நீளமாக ஒன்று, குட்டியாக மூன்று, சுத்தமாகக் கத்தியது. அவர் அசையவில்லை. நிறுத்தி மறுபடி போட்டார். மறுபடியும் கத்தியது. தூக்கிய கை தூக்கியபடியே இருந்தது. நான் பின்னாலிருந்து, இன்னும் எத்தனை தடவைதான் கேட்பீர்கள், அதுதான் தொண்டை கிழியக் கத்திவிட்டதே என்றேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். கூட்டம் சிரித்தது, அவர் மட்டும் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு என்னவோ போலாகி, சுற்றிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்று சொன்னேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, உதட்டைப் பார்த்தார். கை மெதுவாகக் கீழே இறங்கியது.

கடைக்குப் பக்கத்து டீக்கடையில்தான் விஷயம் முழுக்க வெளியே வந்தது. பதினெட்டு வருஷம் இன்ஜின் பக்கத்திலும் ஏர் ஹாரனுக்கு நடுவிலும் நின்றதில் காது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விட்டது. கண்டக்டராக இருக்கும்போதே பாதி போயாச்சு. போளூர் தாண்டி ஒரு ஸ்டாப்பில் வயசான அம்மா ஒருத்தர் இறங்கும்போது, இருப்பா இருப்பா என்று கத்தியிருக்கிறார். இவருக்குக் கேட்கவில்லை, ரைட் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. ஜனங்கள் டிரைவரை இழுத்துப் போட்டு அடித்தார்கள், முதலாளி டிரைவரைத்தான் வேலையை விட்டு நிறுத்தினார்.

“ரைட் குடுத்தது நான்தான்னு ஒரு வார்த்த சொல்லலம்மா. வாயத் தெறக்கல. அந்தாளுக்கு மூணு பொண்ணு.”

ஒரு மாசத்தில் இவரும் பையோடு இறங்கிவிட்டார். ஆறு மாசம் கோர்ஸ் படித்து இந்தத் தொழிலுக்கு வந்தார். மனுஷர் பேச்சு கேட்காவிட்டாலும், சுற்றி யாரும் பேசாமல் இருந்தால் மிச்சமிருந்த இடது காதில் அந்த ஒரு பீப்பு விழுந்துவிடும். அதற்காகத்தான் எங்கள் எல்லார் வாயையும் மூட வைத்தது. இப்போது அந்தக் காதும் போய்க்கொண்டிருந்தது. காது கேட்காத மெக்கானிக்கை எந்த ஆபீஸ் உள்ளே விடும், வீட்டில் இரண்டு பேர் படிக்கிறார்கள், வெளியே சொல்லிவிடாதே என்று கும்பிடாத குறையாகக் கேட்டார்.

பட்டப்பெயர் வைத்ததும் கிண்டல் பண்ணினதும் நான்தான் என்று சொல்லி அழுதுவிட்டேன். அவர் தெரியும் என்றார். கடையில் இருந்த கண்ணாடி பீரோவில் என் நடிப்பு முழுக்கத் தெரியுமாம், கை இன்னும் கொஞ்சம் நேராக இருக்க வேண்டுமாம்.

அன்றிலிருந்து அவர் காது நான். அவர் கையைத் தூக்கும்போது எதிரில் போய் உட்கார்ந்துகொள்வேன். ஒன்று, நீளம் ஒன்று குட்டி மூன்று என்று சத்தமில்லாமல் உதட்டை அசைப்பேன். அவர் காதால் கேட்ட மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார். திங்கள் தவிர மற்ற நாளில் வெளி ஆபீஸ்களுக்கும் கூடவே போனேன். ரிப்பேர் கற்றுக்கொள்கிறேன் என்று கடை முதலாளியிடம் சொன்னேன். நாற்பது வயசில் இவளுக்கு இது தேவையா என்று அவர் கேட்டதற்கு, வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம். ஒரு வருஷத்துக்கு மேல் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

தொண்ணூற்றொன்பது கடைசியில் அந்த இரண்டாயிரம் வருஷ பீதி வந்தது ஞாபகம் இருக்கும். பழைய பயாஸ்களுக்கு இரண்டாயிரம் என்றால் என்னவென்று தெரியாது, ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கே திரும்பிப் போய்விடும் என்றார்கள். சில்லில் இருக்கிற பழைய புரோகிராமை அழித்துப் புதிதாக எழுத வேண்டும். எழுதுவதற்கு இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தில் மட்டும் கரண்ட் போகக்கூடாது. போனால் பழையதும் இல்லை, புதியதும் இல்லை, அந்த போர்டு அப்புறம் கண் விழிக்காது.

வேங்கிக்காலிலேயே ஒரு ஆபீஸில் ஐந்து கம்ப்யூட்டர், ஐந்தும் ஒரே மாடல். ஹெட்கிளார்க் அம்மா ஒருத்தர், கறாரான ஆள். மார்கழிக் காலையில் நானும் ஒத்த பீப்பும் போனோம். அவர் வழக்கம்போல் பிரசங்கம் செய்தார். தான் கையை இறக்குகிறவரை யாரும் பேசக்கூடாது, எது நடந்தாலும் பேசக்கூடாது என்றார். முதல் மெஷின் நல்லபடியாக முடிந்தது. இரண்டாவதற்கு, புதிய புரோகிராம் இருந்த ஃப்ளாப்பியைச் செருகிக்கொண்டிருந்தபோது, வெளியே என்னைக் கேட்டு ஒரு ஆள் சத்தம் போட்டான். முந்தின நாள் அவன் மனுவில் நான் சர்வே நம்பரைத் தப்பாக அடித்துவிட்டேனாம். தப்பு அவன் சொன்னதில். சண்டை என்று வந்தால் பாதியில் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. ‘அண்ணா, ஆரம்பிச்சிடாதீங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன்’ என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போனேன். அவர் குனிந்திருந்தார். என் உதட்டைப் பார்த்தாரா என்று நான் பார்க்கவில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மார்கழி, ஃபேன் ஓடவில்லை. ஜன்னல் வெளிச்சம் போதுமென்று டியூப்லைட்டும் போடவில்லை. கரண்ட் போனதற்கு அந்த ஹாலில் இருந்த ஒரே அடையாளம், மூலையில் இருந்த யுபிஎஸ் பெட்டி கீ கீ என்று கத்தியதுதான். பழைய பேட்டரி, மூன்று நிமிஷம் தாங்கும். அது கத்த ஆரம்பித்த பிறகு இவர் எழுத ஆரம்பித்திருக்கிறார். ஹாலில் பத்துப் பேர் இருந்தார்கள், பத்துப் பேருக்கும் காது நன்றாகக் கேட்கும். ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. எது நடந்தாலும் பேசக்கூடாது என்று அவர்தானே சொன்னார்? பீப்பு வரவேண்டும் என்றார், இவ்வளவு பீப்பு வருகிறதே, வேலை பிரமாதமாக நடக்கிறது போல என்று நினைத்துக்கொண்டதாக அட்டெண்டர் பிற்பாடு சொன்னார்.

நான் ஓடி வரும்போது எல்லாம் அணைந்து கிடந்தது. கருப்புத் திரைக்கு முன்னால் ஒத்த பீப்பு கையைத் தூக்கியபடி நின்றிருந்தார். மெஷின் எழுதி முடித்துத் தானாகத் திரும்ப எழுந்திருக்கப் போகிறது என்று பீப்புக்காகக் காத்துக்கொண்டிருந்தார். என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

கரண்ட் வந்த பிறகு போட்டுப் பார்த்தோம். ஃபேன் மட்டும் சுற்றியது. பீப்பு இல்லை, திரை இல்லை. ஹெட்கிளார்க் அம்மா எழுந்து வந்து என்ன ஆச்சு என்றார். எனக்குப் பொய் சொல்ல நேரம் தேவைப்படுவதில்லை. என் கால் வயரில் பட்டு பிளக் பிடுங்கிக்கொண்டது, என் தப்புதான் என்றேன். ஒத்த பீப்பு என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார் என்பதை மறந்துவிட்டேன்.

“இல்லீங்க மேடம்.” தேவைக்கு மேல் உரத்த குரல், அவருக்கே அளவு தெரியாது. “இந்தம்மா மேல தப்பு இல்ல. கரண்ட் போனது எனக்குத் தெரியல. அந்தப் பொட்டி கத்தனது எனக்குக் கேக்கல. எனக்குக் காது கேக்காதுங்க.”

எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. நான்தான் தலையைக் கொடுத்துவிட்டேனே, உங்களுக்கு என்ன என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

“இன்னொருத்தர மாட்டவுட்டுட்டு வாய மூடிக்கினு நிக்க முடியாதும்மா. ஒரு தடவ நின்னதே போதும்.”

ஹெட்கிளார்க் அம்மா ஒரு நாற்காலியை இழுத்து அவருக்கு நேர் எதிரில் போட்டு உட்கார்ந்து, நிறுத்தி நிதானமாக, உதடு தெரியும்படி, இதைச் சரிபண்ண முடியுமா முடியாதா என்று கேட்டார். முடியும் என்றார் இவர். இதே மாடல் பக்கத்தில் இருக்கிறது, ஆனால் கரண்ட் போனால் எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்றார். அந்த அம்மா அட்டெண்டரைக் கூப்பிட்டு, கையில் ஒரு சிவப்பு ஃபைலைக் கொடுத்து, யுபிஎஸ் பக்கத்தில் நிற்க வைத்தார். அது கத்தினால் ஃபைலைத் தூக்க வேண்டும்.

அடுத்து ஒத்த பீப்பு செய்ததை வேறு யாரும் செய்து நான் பார்த்ததில்லை. பக்கத்து மெஷினைத் திறந்து, அதன் நல்ல சில்லைக் கொஞ்சம் தளர்த்தி, அடியில் ஃபைல் கட்டுகிற டேக் கயிற்றை நுழைத்தார். மெஷினைப் போட்டார். அது விழித்து, பரிசோதனை எல்லாம் முடிந்து, வேலை கைமாறிவிட்டது. இனி அதற்கு வேண்டியதெல்லாம் மெமரியில் இருக்கிறது, சில்லின் தயவு தேவையில்லை. ஓடிக்கொண்டிருக்கும்போதே கயிற்றை இரண்டு பக்கமும் சமமாக இழுத்து நல்ல சில்லை வெளியே எடுத்தார். கெட்டுப்போன மெஷினிலிருந்து கழற்றிய செத்த சில்லை அந்த இடத்தில் பொருத்தினார். ஓடுகிற பஸ்ஸில் கண்டக்டரை இறக்கிவிட்டு இன்னொருத்தரை ஏற்றுகிற வேலை. பிறகு அந்தச் செத்த சில்லின் மேல் புதிதாக எழுதச் சொல்லிக் கட்டளை கொடுத்தார்.

அந்த இரண்டு நிமிஷமும் நான் யுபிஎஸ்ஸைப் பார்க்கவில்லை, அவரைத்தான் பார்த்தேன். சரியாகிவிட்டாலும் நாளையிலிருந்து இவரை யார் கூப்பிடப்போகிறார்கள், இரண்டு பிள்ளைகள் படிப்பு என்ன ஆகும், அஞ்சு நிமிஷச் சண்டைக்காக எல்லாவற்றையும் கெடுத்தேனே என்று உள்ளே வெந்துகொண்டிருந்தேன். அந்தக் கணக்கு தப்பு என்று பிற்பாடு தெரிந்தது. ஹெட்கிளார்க் அம்மாவே அக்கம்பக்கத்து ஆபீஸ்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறார், நல்ல வேலைக்காரர், எதிரில் உட்கார்ந்து பேசுங்கள், அவ்வளவுதான் என்று. இரண்டாயிரத்துக்குப் பிறகும் பல வருஷம் அந்தப் பை வேங்கிக்காலைச் சுற்றிவந்தது. ஆனால் அன்றைக்கு அது எனக்குத் தெரியாதே.

எழுதி முடித்தது. சில்லை எடுத்துக்கொண்டுபோய் அதன் சொந்த போர்டில் செருகினார். எல்லாரும் சுற்றி நின்றோம். இந்தத் தடவை அவர் கையைத் தூக்கவில்லை. பட்டனை அமுக்கிவிட்டு, திரையைப் பார்க்காமல், திரும்பி என்னைப் பார்த்தார்.

பீப்பு வந்தது. பத்துப் பேரும் கேட்டார்கள்.

வாய் என்னும் சொத்தை வைத்துப் பிழைத்தவள், தலையை மட்டும் ஆட்டினேன். அவருக்கு அது போதவில்லை.

“தலைய ஆட்டாதம்மா, சொல்லு. எப்படி இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுண்ணா. ஒண்ணே ஒண்ணு. தெளிவா.”

“ரொம்ப கம்மியா இல்லியே?”

இல்லை என்றேன். கணீரென்று இருந்தது, ஹால் மூலைவரை போனது, வராந்தாவில் இருந்தவன்கூடத் திரும்பிப் பார்த்தான் என்றேன். ஒரு பீப்பைப் பற்றி ஒரு மனுஷனிடம் எவ்வளவு சொல்ல முடியுமோ அவ்வளவும் சொன்னேன். அவர் என் வாயையே பார்த்துக்கொண்டு, ம், ம் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.